றொசலியாவுக்கு நேர்ந்த குரல்

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற புத்தகத்துக்கு டெனிஸ்டனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று றோசமலர் அக்கா சொல்லிவிட்டா. அவ அவனைப் பெற்ற தாய். நான் அவவின் தங்கச்சி, அவனுக்குச் சின்னம்மா.

"நீ தொடக்கினது. நீயே எழுதி முடி" என்றா.

அவன் பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், லண்டனில் அவன் எழுதின பாட்டுகளின் பட்டியல் எல்லாவற்றையும் அவனுடைய தங்கச்சி லக்ஷனா பின்பக்கத்தில் போட்டிருக்கிறாள். அதிலே பிழை இருக்காது, பிள்ளை கவனமானவள். நான் எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு விசயம். அக்காவிடம் டெனிஸ்டனுடைய படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஆனால் அவன் பாடின குரல் ஒரு நிமிசத்துக்குக்கூட இல்லை. முப்பத்தைந்து வயது வரைக்கும் பாட்டிலேயே கிடந்த பிள்ளையின் பாட்டுக் குரல் ஏன் எங்கேயும் இல்லை என்று நீங்கள் பலபேர் செத்தவீட்டில் கேட்டீர்கள். அதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய ஆள் நான்.

டெனிஸ்டன் இத்தாலியில், இந்தப் பலேர்மோவில்தான் பிறந்தான். எங்கட ஊர் மன்னாரில் பேசாலை. ஆனால் அவன் அந்த மண்ணை இரண்டு தரம்தான் பார்த்தவன். போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அத்தான் சுவாம்பிள்ளை ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அக்கா மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிக்கார அம்மாவின், வீட்டோடு தங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவா. அப்போது எனக்கு வயது இருபத்திநாலு. காலையில் இரண்டு வீடு துடைத்துவிட்டு வந்து பிள்ளையைப் பார்ப்பேன். பேசப் பழக முன்னமே அவன் பாடத் தொடங்கிவிட்டான். கோவில் பாட்டுக் கசெற்றைப் போட்டுவிட்டால், சொல் ஒன்றும் விளங்காமல் மெட்டை மட்டும் அப்படியே பிடித்துப் பாடுவான். ஒரு நாள் சத்தம் கேளாவிட்டால் கீழே மரக்கறி விற்கிற சிசிலிக்காரன் நிமிர்ந்து பார்த்து, "இண்டைக்கு உங்கட ரேடியோ இல்லையோ" என்று கேட்பான்.

தொண்ணூற்றிநாலாம் ஆண்டு மாசி மாதம், அவனுக்கு நாலு வயது. காலையில் காய்ச்சல். மத்தியானம் ஆகிறதுக்குள் எச்சில் விழுங்க ஏலாமல் வாயால் ஊற்றுகிறது. குந்திக்கொண்டு கழுத்தை முன்னுக்கு நீட்டி மூச்சை இழுக்கிறான், சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் தூக்கிக்கொண்டு படியால் ஓடி இறங்கினேன். மரக்கறிக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய மூன்று சில்லு வண்டியின் பின்பக்கத்தில் கார்ச்சோஃபி மரக்கறிப் பெட்டிகளுக்கு மேலே எங்களை ஏற்றினான். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தால் ஒரு டொக்டர் வந்து, தொண்டைக்குள் மூடி வீங்கி மூச்சுக் குழாயை அடைத்துவிட்டது, குழாய் விடப் பார்க்கிறோம், சரிவராவிட்டால் கழுத்தில் வெட்ட வேண்டும், குரலுக்குப் பழுது வரலாம், உயிருக்கும் சொல்ல ஏலாது என்றார். எனக்கு விளங்கினது பாதிதான். விளங்கின பாதி போதும்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் தகவல் போகவில்லை. நான் தனிய. ஊரென்றால் மடுமாதாவுக்கு நேர்ந்திருப்பேன். அப்போது சண்டை, மடுவுக்குப் போக வழியில்லை. போக ஏலாத இடத்துக்கு நேர்ந்தால் ஏமாற்றுகிற மாதிரி. ஆஸ்பத்திரிச் சன்னலால் பார்த்தால் பெல்லகிரீனோ மலை தெரிந்தது. அந்த மலைக் குகையில்தான் சாந்த றொசலியா என்கிற புனிதை இருக்கிறா. எங்கட ஆட்கள், சைவக்காரரும்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போய்க் கும்பிடுகிற இடம். அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்.

"இவன் பிழைச்சால் இவன்ரை பாட்டு உனக்கு மட்டும். வேற ஒருத்தருக்கும் இல்லை."

என்னிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது. அந்தப் பிள்ளையிடம் இருந்ததில் பெறுமதியானது அதுதான் என்று நினைத்தேன்.

வெட்டாமலே குழாய் உள்ளே போனது. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தான். இரண்டு கிழமையால் பாடினான்.

எங்கட வீட்டுப் பழக்கம், நேர்ந்ததை நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனம் மாறிவிடும். புரட்டாதி மாதம் றொசலியாவின் திருநாளுக்கு எல்லாரும் மலை ஏறினோம். காணிக்கையாகக் கட்ட வெள்ளியில் ஒரு தொண்டை வாங்கப் போனால் கடையில் தொண்டை இல்லை, தலையும் கழுத்தும் சேர்ந்த ஒன்றுதான் இருந்தது. அதைக் கட்டினோம். நான் ஆட்களுக்கு முன்னால் நேர்த்தியைச் சொன்னேன். அக்கா அழுதுகொண்டு என் கையைப் பிடித்தா. அத்தான் மட்டும் திரும்பி வரும் வழியில் சொன்னார்.

"நேர்றதெண்டால் மொட்டையை நேர்ந்திருக்கலாம். மயிர் வளரும்."

"உயிர் கேட்ட இடத்திலை மயிரைக் குடுக்கிறதோ அத்தான்" என்றேன் நான்.

அவர் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பழைய கீபோர்ட் வாங்கிக்கொண்டு வந்தார். "கைக்கு நேர்த்தி இல்லைத்தானே" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

அப்படித்தான் அவன் பாட்டுக்காரனாகாமல் பாட்டுக் கட்டுகிறவனானான். பள்ளிக்கூடத்தில் பாடகர் குழுவுக்குக் கேட்டார்கள். நான் போய் மயெஸ்த்ரா ரீச்சரிடம் ஏலாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கோவிலில்கூட அவன் கீபோர்ட் மட்டும்தான் அடித்தான், வாய் திறக்கவில்லை. வருசத்தில் ஒரு நாள், திருநாளில், குகைக்குள் பாடுவான். உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குகையில் கல்லில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்கத் தகரப் பீலி போட்டிருக்கிறார்கள். அவன் அந்தச் சொட்டுக்குத் தாளம் வைத்துப் பாடுவான். பதினாலு வயதில் அவனே ஒரு பாட்டுக் கட்டினான்.

கல்லிலே சொட்டும் தண்ணி கையிலே வந்து நிறையுது
சொல்லிலே வராத நோவு உன்னட்டை வந்து குறையுது

இதுக்கு மேலேயும் ஆறு வரி இருக்கு. சொல் எல்லாம் எனக்குப் பாடம். மெட்டுத்தான் பிடிபடுகிறதில்லை. அவன் ஒவ்வொரு வருசமும் அதைக் கொஞ்சம் மாற்றிப் பாடினான். இப்போது யோசித்தால் எல்லா வருசமும் ஒன்றோடு ஒன்று சிக்குப்பட்டு நிற்கிறது.

பத்தொன்பது வயதில் இத்தாலிப் பாஸ்போட்டோடு லண்டனுக்குப் போனான். ஈஸ்ற்ஹாமில் ஒரு கடையில் சாமான் அடுக்கினான். பின்னேரங்களில் பிரணவன் என்கிற பெடியனோடு சேர்ந்து பெட்டைகள் பெரியபிள்ளையாகிற சாமத்திய வீட்டு வீடியோக்களுக்கு இசை போட்டான். பிரணவன் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, வீடியோ எடுக்கிறவன். செத்தவீட்டுக்கும் லண்டனில் இருந்து வந்து, தேவாரம் பாடிப் பழகின வாயால் எங்களோடு செபமாலை சொன்னவன். லண்டனில் நடந்தது எல்லாம் அவன் எனக்குச் சொன்னதுதான்.

ஒரு ஸ்ரூடியோவில் வயர் சுற்றுகிற வேலைக்கு எடுபட்டான் டெனிஸ்டன். ஒரு நாள் அங்கே மூன்று பேர் காலையில் இருந்து ஒரு பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இவன் வயரைச் சுற்றிக்கொண்டே, "அந்த இடத்திலை கீழை இறங்காமல் மேலை போனால் என்ன" என்று கேட்டானாம். அடுத்த கிழமை வயரை வேறொருத்தன் சுற்றினான். பிறகு அவன் பிரிட்டிஷ் சிற்றிசனும் ஆனான், தனக்கென்று ஒரு சின்ன ஸ்ரூடியோவும் வைத்தான். வெள்ளைப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், பெயர் எடுத்ததுகள், எடுக்காததுகள் எல்லாரும் வந்தார்கள்.

அவனுடைய வேலை முறையைப் பிரணவன் சொன்னபோதுதான் நான் விளங்கிக்கொண்டேன். அங்கே பாட்டு சொல்லில் இருந்து தொடங்குகிறதில்லை. முதலில் தாளம். பிறகு டெனிஸ்டன் மைக்குக்கு முன்னால் நின்று சொல்லில்லாமல், குழந்தைப் பிள்ளை உளறுகிற மாதிரி, மெட்டை மட்டும் பாடுவான். அதற்கு மேலே சொல் போடுவார்கள். பிறகு முழுப் பாட்டையும் அவனே ஒருக்கால் பாடிப் பதிந்து வைப்பான். அதற்கு டெமோ என்று பெயர். பாட வருகிறவர் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அவன் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, அவன் இழுக்கிற இடத்தில் இழுத்துப் பாடுவார். மற்ற ஸ்ரூடியோக்களில் டெமோவைக் கவனமாக எடுத்து வைப்பார்கள். டெனிஸ்டன் பாட்டு முடிஞ்ச அன்றைக்கே தன்னுடைய குரலை அழித்துவிடுவான். கம்பியூட்டரிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை.

"என்னத்துக்கடா அழிக்கிறாய் எண்டு கேப்பன், அன்ரி" என்றான் பிரணவன். "அது என்ரை இல்லை மச்சான், மலையிலை ஒரு மனிசி வைச்சிருக்கிறா எண்டுவான். நான் பலேர்மோவிலை பெட்டை ஒண்டு இருக்குதாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

இரண்டாயிரத்துப் பதினாலு கோடையில் அவனுடைய முதல் பெரிய பாட்டு வெளியே வந்தது. நான் அப்போது மொண்டெல்லோ கடற்கரையில் குளிக்க வருகிறவர்களின் மரக் கொட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லவுட்ஸ்பீக்கரில் ஒரு பெட்டை பாடுகிறாள், பெடியள் மணலில் துள்ளுகிறார்கள். நடுவில் ஒரு இடத்தில் மெட்டு ஏறி நின்று ஒரு சொட்டு மாதிரி விழுந்தது. குகையில் அவன் விழுத்துகிற மாதிரி. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் இருந்த சிஞ்ஞோராவிடம் இது என்னுடைய அக்காவின் பிள்ளையின் பாட்டு என்றேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "பாடுறது பெண்பிள்ளை அல்லவோ" என்றா.

எங்கட ஆட்களும் விடவில்லை. அந்த வருசத் திருநாளுக்கு அவன் வந்தபோது சந்தையில் அன்ரனி அண்ணை வழிமறித்தார். அவர் பகிடிக்காரர் என்று எல்லாருக்கும் தெரியும்.

"எடேய் டெனிஸ்டன், ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடுறாய். நீ ஒரு வாய் தின்னமாட்டியோ?"

"எனக்குப் பத்தியம் அண்ணை."

"எத்தினை வருசத்துக்கு?"

"சின்னம்மாவைக் கேளுங்கோ" என்று சிரித்துக்கொண்டு என்னைக் காட்டினான். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. உலகம் முழுக்கப் பாட்டு, குரல் மட்டும் கடவுளிடம். என் கையால் கட்டின முடிச்சு அவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்று நினைத்தேன். கர்த்தர் என்னை மன்னிக்க வேண்டும்.

பதினாறாம் ஆண்டு வைகாசியில் எனக்குக் கோல் எடுத்தான். நான் ஒரு வீட்டில் குசினி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சின்னம்மா, வேலையோ?"

"ஓம், சொல்லு மகன்."

"ஒரு கொம்பனிக்காரன் என்ரை டெமோ ஒண்டைக் கேட்டுப்போட்டான். அழிக்க முதலே கேட்டிட்டான். பாட ஆள் தேட வேண்டாமாம். இந்தக் குரல்தானாம் பாட்டு. என்ரை பேரிலையே விடுறன் எண்டுறான்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"சின்னம்மா, அந்த நேர்த்தி இன்னும் இருக்கோ?"

"நேர்த்திக்குத் திகதி முடியிறதில்லை மகன். விசாவோ பெர்மெஸ்ஸோவோ அது?"

"சரி சின்னம்மா" என்றான். "நீங்கள் வேலையைப் பாருங்கோ."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிசம்கூட இல்லை. அந்த ஒரு நிமிசத்தில் நான் ஃபாதரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தமிழ் மிசனுக்குப் பொறுப்பான ஃபாதரை ஞாயிற்றுக்கிழமை தோறும் காண்கிறேன், அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை. தாய் நேர்ந்தால் பிள்ளை மொட்டை அடிக்கிறது, பெரியம்மா நேர்ந்தால் பிள்ளை முழந்தாளில் போகிறது. ஆர் நேர்ந்தது, ஆர் செலுத்துகிறது என்று நாங்கள் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டை வேறொரு பெட்டைக்குக் கொடுத்தான். அது அவனுடைய எல்லாப் பாட்டிலும் பெரிய பாட்டானது. லக்ஷனா பட்டியலில் அதை மேலே போட்டிருக்கிறாள். அந்த வருசம் மலையில் இருந்து இறங்கும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"சின்னம்மா, கோவிக்காதேங்கோ. அந்தப் பாட்டிலை ஒரு இடத்திலை மட்டும் என்னை விட்டிட்டன்."

"பாடினியோ?"

"இல்லை. தொடங்க முதல் ஒரு மூச்சு இழுக்கிறது இருக்கு. அந்தப் பெட்டையின்ரை மூச்சு சரியா விழேல்லை. என்ரையை அப்பிடியே வைச்சிட்டன். மூச்சு பாட்டில்லைத்தானே?"

நான் யோசித்துப் பார்த்து, "மூச்சு பரவாயில்லை" என்றேன். அதற்கும் என்னிடம்தான் உத்தரவு கேட்டான், இருபத்தேழு வயதில்.

அதற்குப் பிறகு அவனுடைய காலம் இறங்கத் தொடங்கியது. பிரணவன் சொல்கிறான், அந்த வேலையில் முகம் வேண்டுமாம். பாட்டுக் கட்டுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பாடுகிறவர் அடுத்த தரம் வேறு ஆளிடம் போய்விடுவார். ஒரு பாட்டிலாவது அவனுடைய குரல் இருந்திருந்தால் அவனைத் தேடி வந்திருப்பார்கள். இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கொரோனா வர ஸ்ரூடியோவைப் பூட்டினான். இருபத்திரண்டாம் ஆண்டு இரண்டு சூட்கேசும் ஒரு மைக் பெட்டியுமாக போர்கோ வெக்கியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அத்தான் அப்போது உயிரோடு இல்லை. அத்தான் கோப்பை கழுவின அதே ஸ்ஃபெர்ராகவால்லோவில், வேறொரு கடையில், அவனும் குசினிக்குப் போனான். வானொலியில் அவனுடைய பாட்டுப் போகும்போது மற்ற வேலைக்காரர் சேர்ந்து பாடுவார்களாம். இவன் மட்டியைக் கழுவிக்கொண்டு நிற்பானாம். சொல்லவில்லை, அது தன்னுடையது என்று.

இருபத்திமூன்றாம் ஆண்டுத் திருநாளில் குகையில் இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. இருமிவிட்டுத் திரும்பத் தொடங்கினான். திரும்பவும் உடைந்தது. குசினிப் புகை என்று சொன்னான். நாங்களும் இஞ்சித் தண்ணி, தேன், கொத்தமல்லி என்று மூன்று மாதத்தைப் போக்கினோம். தை மாதம் டொக்டர் கமெரா விட்டுப் பார்த்தார். குரல்வளையில் புற்றுநோய். மருந்தால் முடியாது, குரல்வளையை முழுக்க எடுக்க வேண்டும். பங்குனி பிறந்த பிறகுதான் திகதி கிடைத்தது, பன்னிரண்டு என்று.

அக்கா திகதி எழுதின அந்தக் கடதாசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"இன்னும் பத்து நாள். பிறகு அவன் கதைக்கவும் மாட்டான். எனக்கு அவன் பாடினது ஒண்டு வேணும். நீ நேர்ந்தனி, நீயே போய் அவிட்டுக்கொண்டு வா."

அன்று பின்னேரம் ஃபாதரிடம் போனேன். கோவிலுக்குப் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்திவிட்டு, தானும் இருந்தார்.

"ஆர் நேர்ந்தது?"

"நான்தான் ஃபாதர்."

"பிள்ளைக்கு அப்ப எத்தினை வயசு?"

"நாலு."

"பிறகு வளர்ந்து, தானா விரும்பி அவன் அதை நேர்ந்தவனோ?"

"இல்லை. நாங்கள் சொன்னம். அவன் கேட்டு நடந்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.

"அக்கா, நேர்ந்த ஆளைத்தான் நேர்த்தி கட்டும். இது நான் சொல்லுறதில்லை, திருச்சபைச் சட்டம். மற்றவன்ரை பொருளை நீங்கள் நேர ஏலாது. அவன் ஒருநாளும் கட்டுப்பட்டு இருக்கேல்லை."

"ஒருநாளுமோ?"

"ஒருநாளும் இல்லை."

பிறகு அவர் இன்னும் சொன்னார், ஆண்டவர் நல்ல மனதைப் பார்ப்பார் என்றும், நான் கலங்கக் கூடாது என்றும். நல்ல மனிசன். நான் மிச்சக் கதிரைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். கை சும்மா இருக்க ஏலாமல் இருந்தது.

வீட்டில் டெனிஸ்டன் நிலத்தில் இருந்து ஒரு வயரின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அக்கா குசினியில். நான் ஃபாதர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவன் நிமிரவில்லை. அப்போது அவனுடைய குரல் மண்ணில் தகரத்தை இழுக்கிற மாதிரி.

"லண்டனிலை அந்தக் கொம்பனிக்காரன் கேட்ட நேரம், ஃபாதரிட்டை ஒருக்கால் கேக்க உங்களுக்குத் தோன்றேல்லையோ சின்னம்மா?"

"இல்லை மகன்."

"சரி" என்றான். வயரின் மற்றப் பக்கத்தைத் தேடி எடுத்து, அந்த முடிச்சையும் அவிழ்த்தான்.

அதற்குப் பிறகு சாகும்வரை அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, கோபம் என்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்தேன் என்று சொல்லுவான், அது அவனுடைய சுபாவம். அதை அவனிடம் இருந்து பிடுங்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஒபரேசனுக்கு மூன்று நாளைக்கு முன் பதிய இருந்தான். குசினிக் கதவில், சன்னலில் எல்லாம் கம்பளி தொங்கவிட்டான். சந்தைச் சத்தம் அடங்கட்டும் என்று மத்தியானம் இரண்டு மணி வரை பார்த்திருந்தான். குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றினான். அக்காவும் நானும் மேசைக்கு அந்தப் பக்கம், மூச்சு விடவும் பயந்துகொண்டு. மைக்குக்கு முன்னால் நின்று அந்தக் குகைப் பாட்டைத் தொடங்கினான்.

கல்லிலே என்ற சொல்லே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. தண்ணி குடித்தான். கீழே இறக்கி, இன்னும் கீழே இறக்கி, அரைவாசிப் பேச்சும் அரைவாசிப் பாட்டுமாக எட்டு வரியையும் முடித்தான். நெற்றி எல்லாம் வேர்வை. பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒருதரம் முழுக்கக் கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லண்டனில் மற்றவர்களுடைய பாட்டைக் கேட்கும்போதும் அப்படித்தான் இருப்பானாக்கும். கேட்டு முடிந்ததும் ஒரு பொத்தானை அமர்த்தினான்.

"என்ன மகன் செய்தனி?" என்றா அக்கா.

"அழிச்சிட்டன் அம்மா."

"எனக்கு அது போதுமடா. நான் உன்னட்டை நல்ல பாட்டுக் கேட்டனானோ?"

"அம்மா, இதை வைச்சிருந்தால் நீங்கள் இதைத்தான் கேப்பீங்கள். ஒவ்வொரு நாளும் கேப்பீங்கள். பிறகு மற்றது மறந்துபோம்."

அக்கா மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தா. அவன் கம்பளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்தான். சந்தைச் சத்தம் திரும்ப உள்ளே வந்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதாலேதான் மூச்சு. அதற்குள் வைத்த குழாயை நான் காலையும் பின்னேரமும் கழுவிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவான். பெரும்பாலும் சின்னச் சின்ன விசயம், சன்னலைத் திறவுங்கோ, புளி குறைவு, லக்ஷனா வந்திட்டாளோ. திருநாளுக்கு மலைக்கு வரமாட்டேன் என்றான். நாங்களும் போகவில்லை. ஐப்பசியில் நோய் திரும்பி வந்தது. கார்த்திகை பதினெட்டாம் திகதி காலையில், நான் குழாயைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது அக்கா குசினியில் அதே கதிரையில் இருக்கிறா. பிரணவன் அவவின் போனில் அந்தப் பெரிய பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா பொத்தானை அமர்த்துவா. ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். பெட்டை வாய் திறக்க முதல் நிற்பாட்டிவிடுவா. திரும்பவும் அமர்த்துவா. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று நான் பார்க்கிறதில்லை.

இனி ஒன்றைக் கேட்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். பத்தொன்பதாம் ஆண்டுத் திருநாளில் டெனிஸ்டன் குகையில் பாடினபோது எங்களோடு நின்ற பிள்ளை றம்யா தன்னுடைய போனில் அதை எடுத்தாள். நான் கண்டு, எல்லாருக்கும் முன்னால் அவளைப் பேசி, அழிக்கப் பண்ணினேன். பிள்ளை அழுதுகொண்டு அழித்தாள். அவளிடம் போன கிழமை போய் மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் இப்போது இல்லை. ஆனால் அன்றைக்கும் அதற்கு முந்தின வருசங்களிலும் குகையில் நூறு பேருக்கு மேல் நின்றீர்கள். என்னுடைய கண்ணுக்குத் தப்பி ஆராவது ஒருத்தர் எடுத்திருந்தால், பழைய போனிலோ, பிள்ளைகளின் வீடியோவின் பின்சத்தத்திலோ, இரண்டு வரி இருந்தாலும் போதும், தயவுசெய்து அக்காவிடம் கொண்டுவந்து கொடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதில் ஒரு குற்றமும் இல்லை, ஒருநாளும் இருக்கவில்லை.

வீடு சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி. மணியில் இன்னும் சுவாம்பிள்ளை என்றுதான் பெயர் இருக்கு. அக்கா எந்த நேரமும் வீட்டில்தான்.